தொழில் யாதென்று வினவிய வைத்தியர்

உலகத்துப் பிறந்த மக்கள் யாவரும் ஏதேனும் ஒரு தொழிலை மேற்கொண்டே உயிர் வாழ்கின்றனர். உழுவோரும் நெய்வோரும், மண் வனைவோரும் இரும்பு அடிப்போரும், கணக்கு எழுதுவோரும் பாடம் சொல்வோரும் ஆகிய இவர்தம் உழைப்பினாலேயே ஊர் ஊராக நிற்கின்றது. மனிதன் விழித்திருக்கும் பொழுதிற் பெரும்பாகம் தொழிலிடத்தே கழிகின்றது. ஆதலின் அத்தொழில் அவனுக்குச் சோறு அளிப்பதோடு நில்லாது, அவன் முதுகையும் கண்ணையும் மூச்சையும் தன் போக்கிற்கேற்ப மாற்றியும் விடுகின்றது. இஃது எல்லாரும் கண்ட உண்மையே. எனினும் ஒவ்வொரு தொழிலாக எடுத்து, அது செய்வார்க்கு எவ்வெந் நோயைத் தருகின்றதென்று ஆராய்ந்து, ஒரு தனி நூலாக முதன்முதல் எழுதிவைத்தவர் இத்தாலி தேசத்துப் பெர்னார்தினோ இராமத்சீனி என்னும் வைத்தியரே ஆவர். சுரங்கத் தொழிலாளர் நோயைப் பற்றி அவருக்கு முன்னும் சிலர் எழுதியதுண்டு. எல்லாத் தொழிலாளரையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தவர் அவருக்கு முன் இலர்.

நம் நாட்டில் முன்பின் அறியாத இருவர் எதிர்ப்படின், ஊர் யாது, தொழில் யாது என்று வினவுதல் வழக்கம். விடை கிடைத்த அளவிலே, வந்தவரை நாற்காலியில் இருத்துவதா, திண்ணையோடு நிறுத்துவதா என்று நம் உள்ளம் கணக்கிட்டுவிடுகின்றது. பெண் கொடுக்கும்போதும் கொள்ளும்போதும் அவ்வினாவே முன்னிற்கின்றது. ஒருவருடைய உயர்வு தாழ்வை அளக்குங் கோலாகவே அது நம்மிடைப் பெரும்பாலும் பயன்படுகின்றது. இராமத்சீனியாரும் அவ்வினாவைத்தான் வினவினார். ஆனால் அவர் வினவியது அளப்பதற்கன்று. எங்கே வலிக்கின்றது என்று அறிதற்கே. அவ்வொரு வினாவினின்று வைத்திய சாத்திரத்தில் ஒரு புதிய துறை தோன்றிற்று. அப்பெரியார் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

இத்தாலியின் வடபாகத்தில் மோதெனா என்னும் நகரமும் அதனைச் சூழ்ந்த சிறு நாடும் அந்நாளில் எஸ்தே குடியைச் சேர்ந்த கோமக்களின் ஆட்சியில் இருந்தன. அந்நாட்டுக் கார்ப்பி என்னும் ஊரில் 1633-ஆம் ஆண்டு இராமத்சீனி பிறந்தார். இளமையில் அவ்வூரில் ஏசு சபைத் துறவிகளிடம் பயின்று, பின்னர்ப் பார்மா நகரத்துச் சர்வகலாசாலையை அடைந்து, தத்துவமும் வைத்தியமும் கற்று, 1659-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். ஏட்டுக் கல்வியோடு அமையாது, உரோமாபுரிக்குச் சென்று, அங்கே மூத்த வைத்தியர் ஒருவருடன் இருந்து தொழில் பழகினார். அதன்பின் உரோமாபுரிக்கு வடக்கேயுள்ள காஸ்திரோ நாட்டுச் சிற்றூர்களில் ஊர் வைத்தியராக அமர்ந்தார். அவ்விடத்திலே பிறர் காய்ச்சலை நீக்கச் சென்ற அவரை முறைக்காய்ச்சல் பற்றிக்கொண்டது. உடல் நலிந்து பிறந்த ஊருக்கே மீண்டு, தேறியபின் அங்கே சில ஆண்டுகள் வைத்தியம் செய்து வந்தார். தாம் மேற்கொண்ட தொழிலாலே தாமே நோயுறும் அனுபவம் அவருக்கு இளமையிலேயே வாய்த்தது என்பதை அன்பர்கள் குறித்துக்கொள்க.

1671-ஆம் ஆண்டில் அவர் மோதெனா நகரிற் குடியேறினார். 1682-ஆம் ஆண்டில் கோமகன் இரண்டாம் பிரான்செஸ்கோ அந்நகரத்துச் சர்வகலாசாலையைப் புதுக்கியபோது, வைத்தியப் பேராசிரியர் பதவியை அவருக்கு அளித்தார். பதினெட்டு ஆண்டு அவர் ஆங்குப் பாடம் சொன்னார். 1690-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாட்டுப்புற மக்களிடையே கொள்ளைநோய் பரவியபோது, அதன் போக்கையும் அவ்வாண்டின் பருவநிலையையும் சேர்த்து ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டில் மோதெனாவின் ஊற்றுக் கிணறுகளைப் பற்றி மற்றொரு நூல் வெளியிட்டார். அங்கே கிணறு தோண்டுவோர் அடியிலே துளையிட்ட அளவில் நீர் பீறிட்டு மேலெழும். அதன் காரணத்தை அறிய விரும்பியே அந்நூலை அவர் இயற்றினார். ஜெர்மானிய தத்துவ ஞானியாகிய லைப்னிட்சும் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். இவையெல்லாம் கற்றோர் அவையில் அவருக்குப் புகழ் தந்தன. ஆயினும் இன்றளவும் அவர் பெயர் நிலைபெற்று நிற்பதற்குக் காரணமாயது, அவருடைய வீட்டிலே நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே.

மோதெனா நகரத்து வீடுகளில் மலக்குழிகள் உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை அவற்றை வெறுமை செய்வது அந்நாளைய வழக்கம். ஒருகால் இராமத்சீனியார் வீட்டில் அப்பணி நடந்தது. குழியில் இறங்கியிருந்த தொழிலாளி ஒருவர் இளைப்பாறாது விரைந்து விரைந்து அள்ளிக்கொண்டிருந்தார். பேராசிரியர் அதனைக் கண்டு இரங்கி, மெல்லச் செய்தல் ஆகாதோ, இத்துணை விரைவு எதற்கு என்று கேட்டார். அவ்விடத்தில் நான்கு மணி நேரத்திற்கு மேல் இருப்பது எத்தகைய துன்பம் என்பதை இறங்கிப் பாராதார் அறியார் என்றும், அது கண்ணை இழப்பதற்கு ஒப்பாகும் என்றும் அத்தொழிலாளி விடை கூறினார்.

அவர் மேலேறி வந்தபின் இராமத்சீனி அவருடைய கண்களை நெருங்கி நோக்கினார். அவை சிவந்து ஒளி மங்கியிருந்தன. இதற்கு என் செய்வீர் என்று வினவ, உடனே வீடு சென்று, இருண்ட அறையிற் கதவடைத்து மறுநாள்வரை கிடப்பதும், இளவெந்நீரால் கண்களைக் கழுவுவதுமே தாங்கள் அறிந்த மருந்து என்றார் அவர். தொண்டையில் எரிவு உண்டோ, மூச்சுத் தடையுண்டோ, தலைநோவு உண்டோ என்று மேலும் கேட்க, அவையொன்றும் இல்லை, கண்ணே கெடுகின்றது என்று மறுமொழி வந்தது. பின்னர் நகரத் தெருக்களிற் பார்வை குன்றிப் பிச்சையெடுத்துத் திரிந்தோருட் பலர் முன்னாளில் அத்தொழில் செய்தவர் என்பதை அவர் கண்டறிந்தார். நாள்தோறும் ஊரார் கண்முன் நின்ற அவ்வுண்மை, ஒருவர் வாய் திறந்து வினவிய பின்னரே புலப்பட்டது.

மலக்குழியில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு கண்ணின் மேற்படலத்தைப் புண்படுத்தும் என்பது இன்று வைத்திய நூல்களிற் கண்ட செய்தி. அவ்வாயுவின் இயல்பை இரசாயன நூலார் அறிவதற்கு முன்னரே, அதன் செயலை இராமத்சீனி குழியில் இறங்கியவர் வாய்மொழியினின்று தெரிந்துகொண்டார். அந்நாளில் கற்ற வைத்தியர் ஒருவர் அத்தகைய தொழிலாளியோடு நின்று பேசுவதே அரிது; இவரோ அவரைத் தமக்கு ஆசிரியராகக் கொண்டார்.

அதுமுதல் அவர் தொழிற்சாலைதோறும் புகுந்து பார்க்கலானார். இழிந்தனவென்று பிறர் ஒதுக்கிய பட்டறைகளிலும் நுழைவதற்கு அவர் கூசவில்லை. இவ்வாறு திரட்டியவற்றை இலத்தீன் மொழியில் எழுதி, தொழிலாளர் நோய்கள் பற்றிய ஆராய்ச்சி என்னும் பொருளுடைய பெயரோடு 1700-ஆம் ஆண்டில் மோதெனாவில் வெளியிட்டார். நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் அதிற் பேசப்பட்டன. பண்டைக் கிரேக்க வைத்தியராகிய ஹிப்போகிரட்டீஸ், நோயாளியை அடைந்த வைத்தியன் அவனுக்கு என்ன நோவு, எத்தனை நாளாய், எதனால், என்ன உணவு கொள்கின்றான் என்பன போன்றவற்றை வினவவேண்டுமென்று விதித்திருந்தார். அவ்வினாக்களோடு தொழில் யாதென்னும் வினாவையும் சேர்த்துக்கொள்க என்று இராமத்சீனி தம் நூலின் முகப்பிலே வேண்டினார். ஏழைத் தொழிலாளி வீட்டிற் புகும் வைத்தியன், பொன் பூசிய நாற்காலி இல்லையெனினும் முக்காலி ஒன்றிலாவது அமர்ந்து, பொறுமையோடு அவன் சொல்வதைக் கேட்கவேண்டும். நாடியைத் தொட்டவுடன் எழுந்தோடலாகாது என்றும் அவர் அறிவுறுத்தினார்.

அந்நூலிற் கண்ட செய்திகள் சிலவற்றை இங்குத் தருகின்றோம். மட்பாண்டங்களுக்கு மெருகு ஏற்றுவோர் ஈயத்தைச் சுட்டுப் பொடியாக்கி நீரோடு அரைத்துப் பூசுவர். அவர்களுக்கு முதலிற் கை நடுங்கும், பின்னர்க் கை செயலற்றுப்போம், பற்கள் விழும், முகம் ஈய நிறம் கொள்ளும். பொன்முலாம் பூசுவோர் பொன்னைப் பாதரசத்தோடு கலந்து பூசி நெருப்பிற் காட்டுவர். பாதரசம் ஆவியாய் எழுந்து அவர் மூச்சிற் கலந்துவிடும். வெனிஸ் நகரையடுத்த முரானோத் தீவிற் கண்ணாடிக்குப் பின்புறம் பாதரசம் பூசுவோர், தாம் செய்த கண்ணாடியிலேயே தம் உடல் சிதைவதைக் கண்டு வருந்தினர் என்று அவர் எழுதுகின்றார். தானியம் சலித்து அளப்போர் தூசியால் இரைப்பும் உடல் அரிப்பும் கொண்டு முதுமை காணாது மடிந்தனர். ரொட்டி சுடுவோர் ஊர் உறங்கும்போது விழித்து வேலைசெய்து, மாவுத் தூளை மூச்சில் இழுத்து இருமினர். தையல் வேலையும் செருப்பு வேலையும் செய்வோர் நாள் முழுதும் குனிந்திருந்து முதுகு கூனினர். நின்றே வேலை செய்வோர்க்குக் காலிலே நரம்புகள் சுருண்டு புடைத்தன. செம்பு கொட்டும் கன்னார் தெருவில் இருந்தோர் ஓயாத ஓசையாற் செவித்திறன் இழந்தனர்.

இவற்றைக் கூறியதோடு அவர் அமைந்தாரல்லர். மூக்கையும் வாயையும் துணியால் மூடுதல், வேலை முடிந்தவுடன் முகமும் கையும் கழுவி உடை மாற்றுதல், இருந்து வேலை செய்வோர் இடையிடையே எழுந்து நடத்தல், நின்று வேலை செய்வோர் இடையிடையே அமர்தல், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்தல் முதலிய காப்புகளையும் எடுத்துரைத்தார். தீரா நோய் தருமிடத்து அத்தொழிலையே கைவிடுமாறு கூறவும் அவர் தயங்கவில்லை.

கன்னியர் மடங்களில் வாழும் துறவியர்க்கு மார்பகப் புற்றுநோய் பிற மகளிரினும் மிகுதியாகக் காணப்படுகின்றது என்பதையும் அவர் எழுதிவைத்தார். பிள்ளைப்பேறும் பாலூட்டலும் அந்நோய்க்கு ஓரளவு காப்பாகும் என்பது பிற்கால ஆராய்ச்சியாற் புலப்பட்ட உண்மை. வாழ்க்கை முறைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை அவர் எத்துணை நுணுக்கமாக நோக்கினார் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இராமத்சீனி எடுத்துரைக்கும் வழக்கு ஒன்றும் நம் கருத்திற் கொள்ளத்தக்கது. மோதெனா நாட்டு பினாலே என்னும் ஊரில், மோதெனா வணிகர் ஒருவர் பாதரச மருந்துச் சரக்கு ஒன்றைச் செய்யும் பெரிய ஆலை வைத்திருந்தார். அங்கே துத்தம் வறுக்கும்போது எழும் புகை அண்டை வீட்டாரைக் கொல்கின்றது, ஆகவே ஆலையை ஊர்ப்புறத்துக்கு மாற்றவேண்டும் என்று அவ்வூரார் ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஊர் வைத்தியர் சாட்சியையும் மாதாகோயில் மரணப் பதிவேட்டையும் அவர் முன் வைத்தார். ஆலையை அடுத்த பகுதியிலே பிற இடங்களினும் மிகுதியானோர் ஆண்டுதோறும் இறந்தனர் என்றும், மார்பு நோயே பெரும்பாலும் காரணம் என்றும் அவை காட்டின. எனினும் முடிவில் ஆலைக்காரரே வென்றார். புகை குற்றமற்றதெனத் தீர்ப்பாயிற்று. இறந்தோர் கணக்கைக் கொண்டு ஆலையின் தீங்கை மெய்ப்பிக்கலாம் என்று அவ்வழக்கு அன்றே காட்டியது. மெய்ப்பித்தாலும் பணம் வெல்லும் என்பதும் அன்றே தெரிந்துபோயிற்று.

1700-ஆம் ஆண்டிலேயே வெனிஸ் குடியரசு அவரைத் தன் ஆட்சிக்குட்பட்ட பாதுவா நகரத்துச் சர்வகலாசாலைக்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தாறு கடந்திருந்தது. பிறர் ஓய்வு நாடும் பருவத்தில் அவர் புதிய ஊரிற் புதிய பணியைத் தொடங்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய கண்ணொளி குன்றி, முடிவில் முற்றும் மறைந்தது. பிறர் கண்கெட்டதன் காரணத்தை ஆராய்ந்து புகழ்பெற்றவர் தாமும் கண்ணிழந்து, உற்றார் படிக்கக் கேட்டும், தாம் சொல்ல அவர்கள் எழுதியும் தம் பணியை நடத்தினார். அந்நிலையிலும் 1713-ஆம் ஆண்டில் தம் நூலை மேலும் பன்னிரு தொழில்களைச் சேர்த்து விரித்துப் பாதுவாவில் வெளியிட்டார். அச்சுக் கோப்போர், எழுத்தர், நெசவாளர், தச்சர், செங்கல் அறுப்போர், கிணறு வெட்டுவோர், மாலுமிகள் முதலியோர் அப்பகுதியில் இடம்பெற்றனர்.

நெசவைப் பற்றிக் கூறுங்கால், கையும் காலும் முதுகும் ஒருங்கே உழைக்கும் தொழில் அது என்று காட்டுகின்றார். எழுத்தர் நோய்க்கு மூன்று காரணம் சொல்கின்றார்: ஓயாது இருத்தல், கை ஒரே வகையாக இயங்குதல், பிழை நேராதபடி மனத்தை இறுக்கி வைத்தல் என்பன அவை. இன்று அலுவலகங்களிற் கணிப்பொறி முன் அமர்ந்து, மணிக்கட்டு நோவால் வருந்தும் நம் இளைஞர்கள் இம்மூன்றையும் தம்மோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. முந்நூறு ஆண்டுக்கு முன் எழுதுகோல் பிடித்தோர்க்குச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தக் காண்பர்.

1714-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள், பாடம் சொல்லப் புறப்படும் வேளையில் வாத நோய் திடீரெனத் தாக்க, இராமத்சீனி பாதுவா நகரில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தொன்று. தம் தொழிலின் வாயிலிலேயே அவர் முடிவு நேர்ந்தது.

அவர் நூலுக்கும் குறையுண்டு. அவர் சொன்ன மருந்துகளுட் பல, பேதிக்குக் கொடுத்தலும் இரத்தம் வாங்குதலும் போன்ற அக்கால முறைகளே. இன்று அவற்றைக் கைக்கொள்வார் இலர். கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் முதலாளிகளோடு போராடும் நூலும் அன்று அது. காப்பைத் தேடும் பொறுப்பைப் பெரும்பாலும் தொழிலாளியிடமே அது விட்டுவிடுகின்றது. ஆயினும் அவர் இட்ட விதை வீண்போகவில்லை. 1705-ஆம் ஆண்டிலேயே அந்நூல் ஆங்கிலத்தில் வந்தது. 1775-ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து வைத்தியர் பெர்சிவல் பாட், புகைக்கூடு துடைக்கும் தொழிலால் வரும் புற்றுநோயை விளக்கினார். 1776-ஆம் ஆண்டில் பொருள் நூல் இயற்றிய ஆடம் ஸ்மித், மிகை உழைப்பால் வரும் நோய்களைப் பேசுமிடத்து இராமத்சீனியின் நூலைக் குறிப்பிட்டார். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்தில், அரசினர்க்கு அறிவிக்கவேண்டிய நோய்களாக ஈய நஞ்சும் பாதரச நஞ்சும் கற்றூளால் வரும் நுரையீரல் நோயும் இடம்பெற்றன. தொழில்சார் நோய்களை ஆராயும் உலக அறிஞர் பலர் 1982-ஆம் ஆண்டில் ஒரு கழகம் அமைத்து, அதற்கு அவர் பெயரையே இட்டனர்.

இனி, நம்மை நோக்கி ஒரு சொல். அவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்கிய இடம் மலக்குழி. அக்குழியில் மனிதரை இறக்குவது நம் நாட்டில் இன்னும் ஒழிந்தபாடில்லை. 1993-ஆம் ஆண்டிலும் 2013-ஆம் ஆண்டிலும் அதனைத் தடுக்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவ்வாறு இறங்கி மாண்டவர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் தரவேண்டுமென்று 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டம் உண்டு, தண்டனை உண்டு, இழப்பீடும் உண்டு. எனினும் தொட்டி நிறைந்தவுடன் கூலி பேசி ஆளைத் தேடும் வீட்டார் நம்மிடையேயும் இருக்கின்றனர். அவ்வாளின் கண்ணை நெருங்கி நோக்கியவர் எத்துணைப் பேர்?

பிறரைச் சொல்வானேன்? நாம் இருபது ஆண்டாகப் பள்ளியிற் பணிசெய்து வருகின்றோம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தை நம் கையாலேயே நிரப்புகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பிற் பயின்ற பிள்ளையொருவன் அடிக்கடி வாராதிருந்தான். நாம் அவனைச் சினந்தோம். பெஞ்சின்மேல் நிறுத்தியும் வைத்தோம். பின்னரே தெரிந்தது, கல் உடைக்கும் தொழில் செய்த அவன் தந்தை இருமி இருமிப் படுக்கையில் வீழ்ந்திருந்தார் என்பதும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேறு ஆளில்லாமல் அப்பிள்ளையே சென்றான் என்பதும். அத்தந்தையின் தொழிலை ஏட்டில் எழுதியவர் நாமே. எழுதினோமேயன்றி, அதனைப் பற்றி ஒரு சொல்லும் வினவினோமல்லோம். இராமத்சீனியின் வரலாற்றைப் படித்த நாள்முதல் அக்கட்டத்தை நிரப்புங்கால் நம் கை சற்றே தயங்குகின்றது. தந்தை வந்திருப்பின் அவரை இருக்கச் சொல்லி, வேலை எப்படி, உடம்பு எப்படி என்று இரண்டு சொல் கேட்டு வருகின்றோம்.

நம் சங்கக் கூட்டங்களில் உறுப்பினர் பெயரையும் சந்தாத் தொகையையும் தவறாது எழுதுகின்றோம். இனி ஒவ்வொருவருடைய தொழிலையும், அத்தொழிலால் அவர்க்கு நேர்ந்த நோவையும் சேர்த்து வினவி எழுதுவோமாயின் நன்று. நம்மவரிடம் மட்டுமன்று, நம் வீட்டு வாயிலில் வந்து நின்று உழைப்போர் எவராயினும் அவரிடமும் வினவுதல் வேண்டும். வினவுங்கால் நாம் அமர்ந்து, அவரை நிற்கவைத்து வினவலாகாது. முக்காலி ஒன்றேனும் இட்டு அவரையும் இருத்தி வினவுவோமாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் என்பது எம் துணிபு.